சாப்பாட்டுக் கடையின் சரித்திரம்

(விழுப்புரத்தில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)



சிற்றூர் உணவு விடுதியின் வரலாறு பற்றிப் பேசுமாறு எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். சுவரொட்டியைப் பார்த்தவர்களில் சிலர், “மன்னர்களுக்கு வரலாறு உண்டு, மாநிலங்களுக்கு வரலாறு உண்டு, மசால் தோசைக்குமா வரலாறு?” என்று நகைத்திருக்கக்கூடும். நகைக்கட்டும்! அரண்மனையில் எழுதப்பட்ட வரலாற்றில் நம் பாட்டனுக்கு இடம் இல்லை. கடைத்தெருவில் எழுதப்பட்ட வரலாற்றில்தான் அவன் இருக்கிறான். அவன் எங்கே உட்கார்ந்தான்? எங்கே நின்றான்? எதில் குடித்தான்? எவர் ஊற்றிக் கொடுத்தார்? இந்த நான்கு கேள்விகளுக்கு விடை கண்டால், கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இந்த நாடு எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது, எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பது விளங்கிவிடும்.

திண்டிவனம் என்றால் புளியங்காடு என்று பொருள் சொல்கிறார்கள், ஊர்ப்பெயர் ஆராய்ந்த அறிஞர்கள். திண்டி கிடைக்கும் வனம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சென்னையிலிருந்து திருச்சி செல்லும் பெருவழியில் திண்டிவனமும் விழுப்புரமும் பசித்தவன் இறங்கும் ஊர்கள். ஆகவே, சாப்பாட்டுக் கடையின் சரித்திரத்தைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான மண் ஏது?

தோழர்களே! நம் நாட்டில் ஒரு காலத்தில் சோற்றை விற்பது பாவம் என்று கருதப்பட்டது. வழிப்போக்கன் கட்டுச்சோற்றை மூட்டை கட்டிக்கொண்டு நடந்தான். இல்லையேல் சத்திரத்தைத் தேடினான். அரசரும் செல்வரும் கட்டிய சத்திரங்களில் அறம் இருந்தது, ஐயமில்லை. ஆனால் அந்த அறம் ஆளைப் பார்த்து அளந்து போட்ட அறம். ஒரு சாதிக்கு உள்ளே இலை விரித்துச் சோறு, மற்றொரு சாதிக்குத் திண்ணையில் படுக்க இடம், இன்னொரு சாதிக்குச் சத்திரத்தின் நிழல்கூட இல்லை. ஈகையில் ஏற்றத்தாழ்வு இருந்தால், இரப்பவன் எப்படிக் கேள்வி கேட்பான்? “இலவசமாகக் கிடைப்பதில் உனக்கு ஏது உரிமை?” என்று வாயை அடைத்துவிடுவார்களே!

அந்த வாயைத் திறந்துவிட்டது இரயில். 1870-களின் பிற்பகுதியில் இந்த வட்டாரத்தின் ஊடே தண்டவாளம் படுத்தது. 1879-ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டது. பின்னர்த் திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கும் பாதை பிரிந்தது. விழுப்புரம் சந்திப்பாயிற்று. சந்திப்பு என்றால் காத்திருத்தல். காத்திருத்தல் என்றால் பசி. பசி என்றால் சாப்பாட்டுக் கடை. வண்டி மாறுபவன், வழக்குக்காக நீதிமன்றம் வந்தவன், வேர்க்கடலை மூட்டையை விற்க மண்டிக்கு வந்தவன், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க வந்தவன் எல்லோரும் ஊரைவிட்டு வெளியே வந்து, முன்பின் தெரியாதவர் சமைத்த சோற்றைக் காசு கொடுத்து உண்ணத் தொடங்கினார்கள்.

காசு கொடுத்து! இந்த ஒரு சொல்லில்தான் புரட்சியின் வித்து இருக்கிறது. சத்திரத்தில் உண்டவன் இரவலன். கடையில் உண்டவன் வாடிக்கைக்காரன். ஓரணாவைக் கல்லாவில் வைத்தவன், “என் ஓரணாவும் அவர் ஓரணாவும் ஒன்றுதானே?” என்று கேட்கலாம். காசுக்குச் சாதியில்லை. ஆனால், தோழர்களே, காசை வாங்கிய கைக்குச் சாதி இருந்தது!

அந்தக் கதையைக் கேளுங்கள். தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் தோன்றிய காப்பிக் கிளப்புகளில் பெரும்பாலானவற்றைப் பார்ப்பனர்கள் நடத்தினார்கள். ஏன்? மற்றவர்களுக்குச் சமைக்கத் தெரியாதா? நம் வீட்டுத் தாய்மார்களின் கைமணத்துக்கு ஈடுண்டா? காரணம் சமையலில் இல்லை, சாத்திரத்தில் இருந்தது. “மேல்” சாதிக்காரன் சமைத்ததைக் “கீழ்” சாதிக்காரன் உண்ணலாம், “கீழ்” சாதிக்காரன் சமைத்ததை “மேல்” சாதிக்காரன் உண்ணலாகாது என்பது ஏற்பாடு. அப்படியானால் எல்லோருக்கும் சோறு விற்கக்கூடியவன் எவன்? ஏணியின் உச்சியில் நிற்பவன்! வணிகத்திற்கு வேண்டிய முதலீட்டில் பாதியை வருணாசிரமமே கொடுத்துவிட்டது. “பிராமணாள் காப்பிக் கிளப்” என்ற பலகை, பக்திக்காக மாட்டப்பட்டதென்று எண்ணிவிடாதீர்கள். அது சரக்குக்குத் தரச்சான்று. இன்று எண்ணெய் டப்பாவில் முத்திரை குத்துகிறார்களே, அதைப்போல அன்று மனிதன் மேல் குத்தப்பட்ட முத்திரை.

பலகைக்கு உள்ளே என்ன நடந்தது? பார்ப்பனருக்கு உள்ளறை, மற்றவர்களுக்கு முன்னறை, இடையே ஒரு தட்டி. தாழ்த்தப்பட்ட தோழனுக்கோ தட்டிக்கு இப்புறமும் இல்லை, அப்புறமும் இல்லை. தெருவில் நிற்க வேண்டும். கொட்டாங்கச்சியிலோ தனிக் குவளையிலோ உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். குடித்துவிட்டு அவனே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகவேண்டும். ஓரணா ஒன்றுதான், தோழர்களே! ஒரே ஓரணாவுக்கு மூன்று வகையான மரியாதை!

தனியார் கடையில்தான் இந்தக் கொடுமை என்றில்லை. மக்கள் பணத்தில் ஓடிய இரயில்வேயின் சிற்றுண்டிச் சாலைகளிலும் பார்ப்பனர் உண்ண ஓரிடம், மற்றவர் உண்ண வேறிடம் என்று பலகை தொங்கிற்று. வண்டிக்குள்ளே ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து வந்தவர்கள், நிலையத்தில் இறங்கியதும் இரு சாதியாகப் பிரிந்தார்கள். பெரியாரும் அவர் இயக்கத்தாரும் ஆண்டுக்கணக்கில் கண்டித்து எழுதினார்கள், மேடைதோறும் முழங்கினார்கள். 1941-ஆம் ஆண்டில் அந்தப் பிரிவினை இரயில்வே உணவுச் சாலைகளிலிருந்து அகற்றப்பட்டது. வெள்ளையன் வெளியேறுவதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னால், தமிழ்நாட்டின் இரயில் நிலையத்தில் ஒரு சிறு விடுதலை கிடைத்தது.

நிலையத்திற்குள் விழுந்த பலகை, நகரத்திற்குள் விழ மேலும் பதினேழு ஆண்டுகள் ஆயின. 1957-ஆம் ஆண்டு சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற விடுதியின் பெயர்ப் பலகையில் இருந்த “பிராமணாள்” என்னும் சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் மறியல் தொடங்கினார். நாள்தோறும் தோழர்கள் சென்றார்கள், நாள்தோறும் கைதானார்கள். ஆயிரம் பேருக்கு மேல் கைதாகிய அந்தப் போராட்டம் மாதக்கணக்கில் நீடித்தது. 1958-இல் அந்தச் சொல் பலகையிலிருந்து இறங்கியது. ஒரே ஒரு சொல்லுக்காக ஓராயிரம் பேரா என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். ஒரு சொல்லை எழுதிவைத்து ஒரு நாட்டையே கீழே நிறுத்தலாம் என்றால், அந்த ஒரு சொல்லை இறக்க ஓராயிரம் பேர் சிறைக்குப் போவது அதிகமா? 2012-ஆம் ஆண்டிலே ஸ்ரீரங்கத்தில் ஒரு விடுதி அதே சொல்லைப் பலகையில் தாங்கி நின்றதும், அதை எதிர்த்து மறுபடியும் போராட வேண்டியிருந்ததும் உங்களுக்குத் தெரியும்.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ என்றொரு நகரம். 1960-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், கறுப்பின மாணவர் நால்வர் வுல்வொர்த் என்ற கடைக்குள் சென்றார்கள். அங்கே ஒரு மேசையில் பொருள்களை வாங்கினார்கள். காசை மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். அதே கடையின் சிற்றுண்டி மேசையில் அமர்ந்து காப்பி கேட்டார்கள். கிடைக்கவில்லை. எழுந்திருக்க மறுத்து, கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் மேலும் பலர் வந்தார்கள், அதற்கடுத்த நாள் இன்னும் பலர். அந்த அறப்போர் தென்மாநிலங்கள் எங்கும் பரவிற்று. அவ்வாண்டு ஜூலையிலேயே அந்த மேசை எல்லோருக்கும் பொதுவாயிற்று. நாடு முழுமைக்கும் உணவு விடுதிகளைத் திறந்துவிட்ட சட்டம் 1964-இல் வந்தது.

நம் நாட்டிலோ, தோழர்களே, சட்டம் அவர்களை முந்திக்கொண்டது. 1938-இல் சென்னை மாகாணத்தில், எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால், தாழ்த்தப்பட்டோர்க்குப் பொது வாழ்வில் இருந்த தடைகளை நீக்கும் சட்டம் பிறந்தது. 1947-இல், இதோ திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த இராமசாமி ரெட்டியார் மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தபோது, கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறிற்று. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தைப் பாருங்கள். அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரையப்பட்ட அந்தப் பெரு நூல், நாடாளுமன்றத்தைப் பற்றிப் பேசுகிறது, உச்ச நீதிமன்றத்தைப் பற்றிப் பேசுகிறது. அதே மூச்சில், 15-ஆவது பிரிவில், கடைகளையும் உணவு விடுதிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அங்கே சாதியைக் காட்டி எவனையும் தடுக்கலாகாது என்கிறது. 17-ஆவது பிரிவு தீண்டாமையையே ஒழித்துவிட்டது.

1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டமோ இன்னும் நெருங்கி வந்தது. அதன் 4-ஆவது பிரிவு, விடுதிக்குள் நுழைய விடாததைக் குற்றமாக்கியதோடு நிற்கவில்லை. பொதுமக்கள் பயன்படுத்துவதற்கென விடுதியில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாததையும் குற்றம் என்றது. அதாவது, டெல்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்களின் கண்ணுக்கு நம் ஊர்த் தேநீர்க் கடையின் தனிக் குவளை தெரிந்திருக்கிறது! ஆறு மாதம் வரை சிறை, ஐந்நூறு ரூபாய் வரை தண்டம் என்று அன்று விதித்தார்கள். 1976-இல் அது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறி, குறைந்தது ஒரு மாதச் சிறை உண்டு என்று இறுகிற்று.

சரி, சட்டம் வந்துவிட்டது. சாதி போய்விட்டதா?

விழுப்புரத்துத் தோழர்களைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்கும்போது என் குரல் தழுதழுக்கிறது. ஏனென்றால் 1978-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இதே விழுப்புரத்தில், தாழ்த்தப்பட்ட மக்கள் பன்னிருவர் கொல்லப்பட்டார்கள். அரசமைப்புச் சட்டம் வந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆன பிறகு! “பிராமணாள்” பலகை இறங்கி இருபது ஆண்டுகள் ஆன பிறகு! அந்தக் கொலைகளைச் செய்தவன் எந்தப் பலகைக்குப் பின்னால் ஒளிந்திருந்தான்? எந்தப் பலகையும் இல்லை, தோழர்களே! பலகை இல்லாமலே இருக்கக் கற்றுக்கொண்டுவிட்டது சாதி.

இங்கேதான் நான் உங்களிடம் சற்றுக் கசப்பாகப் பேசவேண்டியிருக்கிறது. மருந்து கசக்கும், பொறுத்தருளுங்கள். திருவல்லிக்கேணிப் பலகையை எதிர்க்கும்போது நமக்கு வசதி இருந்தது. எதிரி நம் வீட்டுக்காரன் அல்லன். ஆனால், விழுப்புரத்திலிருந்து பத்துக் கல் தொலைவில் இருக்கும் சிற்றூர்த் தேநீர்க் கடையை நடத்துபவர் யார்? உங்கள் மாமன், உங்கள் மைத்துனன், உங்கள் கிளைச் செயலாளரின் பங்காளி. அந்தக் கடையில் ஊர்க்காரனுக்கு எவர்சில்வர் குவளை, சேரிக்காரனுக்குக் கண்ணாடிக் குவளை என்று இரண்டு குவளை இருந்ததைத் தமிழ்நாட்டில் எத்தனையோ கள ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அந்தக் கடையின் முன்னால் மறியல் செய்தவர் எத்தனை பேர்? பார்ப்பனர் நமக்குச் செய்தது இழிவு என்றால், நாம் அடுத்தவனுக்குச் செய்வது என்ன பெயர் பெறும்? மேலே நிற்பவனின் காலைத் தட்டிவிட்டு, கீழே நிற்பவனின் தலையில் நம் காலை வைத்துக்கொண்டே இருந்தால், அதற்குப் பெயர் சமத்துவமா?

பிறகு வந்தது காகிதக் குவளை. குடித்ததும் கசக்கி எறியலாம், எல்லோருக்கும் ஒரே குவளை! “பாருங்கள், இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது” என்று மகிழ்ந்தார்கள் சிலர். நோய் ஒழிந்ததா, நோயின் தழும்பை மறைத்துத் துணி கட்டினோமா? ஒருவன் வாய் வைத்த குவளையை மற்றவன் தொடவேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிட்டால், தீண்டாமைக்கு வேலையே இல்லாமல் போய்விடுகிறது. ஆனால் அது சாகவில்லை, ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து, பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை உள்ளிட்ட பொருள்களுக்குத் தமிழக அரசு தடை விதித்தது. சுற்றுச்சூழலைக் காக்க வந்த நல்ல ஆணை. அந்த ஆணைப்படி கழுவிப் பயன்படுத்தும் குவளை மேசைக்குத் திரும்பும் ஒவ்வொரு சிற்றூரிலும், பழைய கேள்வியும் கூடவே திரும்புகிறது. எந்தக் குவளை எவருக்கு?

தோழர்களே! சாப்பாட்டுக் கடைக்கு மூன்று வாசல்கள் உண்டு. முதல் வாசல் தெருவில் இருக்கிறது. அதைச் சட்டம் திறந்தது. இரண்டாவது வாசல் மேசைக்கு முன்னால் இருக்கிறது. பெஞ்சும் குவளையும் அங்கேதான். அதைப் போராட்டம் பாதி திறந்திருக்கிறது. மூன்றாவது வாசல் அடுப்படிக்குப் போகும் வாசல். எவர் கை சோற்றை வடிக்கிறது, எவர் கை எச்சில் இலையை எடுக்கிறது என்பது அங்கே முடிவாகிறது. அந்த வாசலை நாம் இன்னும் தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

உண்பவனாக நுழைவது ஒன்று, சமைப்பவனாக நுழைவது வேறொன்று. தமிழகத்துச் சிறு நகரங்களில் எத்தனையோ சமூகத்தார் உணவு விடுதி நடத்தி முன்னேறியிருக்கிறார்கள். மதுரை மாவட்டத்து வடக்கம்பட்டி என்ற சிற்றூரின் உழவர் குடும்பங்கள், முனியாண்டி விலாஸ் என்ற பெயரில் ஊர் ஊராகப் புலால் உணவு விடுதிகளைத் திறந்து, “சமைக்கும் உரிமை ஒரு சாதிக்கே” என்ற இறுமாப்பை வாணலியிலேயே வறுத்தெடுத்தன. வாழ்த்துகிறேன். ஆனால் தாழ்த்தப்பட்ட ஒருவர் தம் சாதியை மறைக்காமல் கடைத்தெருவில் விடுதி திறந்து, ஊரார் எல்லோரும் அங்கே உண்ணும் காட்சியை நம் சிற்றூர்களில் எத்தனை இடத்தில் காண்கிறோம்?

2022-ஆம் ஆண்டு தமிழக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. மறு ஆண்டு அது மாநிலம் முழுதும் விரிந்தது. 1956-இல் காமராசர் காலத்தில் விரிந்த மதிய உணவின் வழித்தோன்றல் அது. பசித்து வரும் பிள்ளைக்குப் பொங்கலும் உப்புமாவும் கிடைப்பதைக் கண்டு நாடே மகிழ்ந்தது. ஆனால் 2023-இல் சில ஊர்களில், தாழ்த்தப்பட்ட பெண் சமைத்தார் என்ற காரணத்துக்காகத் தம் பிள்ளைகளை உண்ணவிடாமல் தடுத்த பெற்றோரைப் பற்றிச் செய்தி வந்தது. அதிகாரிகள் ஓடினார்கள், அவர்களும் அந்தச் சோற்றை உண்டு காட்டினார்கள். எண்ணிப் பாருங்கள்! அன்றைய காப்பிக் கிளப்பின் பலகை எந்தத் தத்துவத்தில் நின்றதோ, அதே தத்துவம் நிலவில் கலம் இறங்கிய ஆண்டிலே, பள்ளிக்கூடத்தின் அடுப்படியில் வந்து நிற்கிறது!

அந்த அடுப்படியில் மற்றொரு துயரமும் வேகிறது. சாப்பாட்டுக் கடையின் சரித்திரத்தில் முதலாளி பெயர் பலகையில் இருக்கும், சரக்கு மாஸ்டர் பெயர் எங்கும் இராது. விடியற்காலை நான்கு மணிக்கு மாவாட்டத் தொடங்கி, நள்ளிரவில் பெஞ்சுகளைக் கவிழ்த்துவிட்டு அதே பெஞ்சின் மேல் படுத்துறங்கிய சிறுவர்களின் உழைப்பில்தான் பல விடுதிகள் மாடி எழுப்பின. 1958-இல் உணவு நிறுவனங்களில் உழைப்போர்க்கென்று தனிச் சட்டம் இயற்றப்பட்டது. வேலை நேரம், ஓய்வு, வார விடுமுறை எல்லாம் அதில் எழுதப்பட்டன. உணவு விடுதிகளிலும் தேநீர்க் கடைகளிலும் பதினான்கு வயது நிரம்பாத பிள்ளைகளை வேலைக்கு வைப்பதற்கு 2006-ஆம் ஆண்டு அக்டோபர் 10 முதல் தடை வந்தது. எழுத்து வந்துவிட்டது, எழுத்தைக் காக்கும் ஆள் எங்கே? இன்று வடமாநிலத்திலிருந்து வந்த இளைஞன் நம் விடுதிகளில் மேசை துடைக்கிறான். அவன் மொழி நமக்குத் தெரியாது என்பதற்காக அவன் பசியும் நமக்குத் தெரியாமல் போகலாமா?

இன்று நாற்கரச் சாலை நம் ஊர்களை ஒதுக்கிவிட்டுப் பறக்கிறது. சாலையோரத்தில் பளபளக்கும் விடுதிகள் நிற்கின்றன. அங்கே எவரும் எவரையும் சாதி கேட்பதில்லை. முகம் தெரியாத இடத்தில் சாதிக்கு மூச்சு முட்டுகிறது. ஆனால் அந்த விடுதியில் அருகருகே அமர்ந்து உண்ட இருவர், தத்தம் சிற்றூருக்குத் திரும்பி, தேநீர்க் கடை முன்னால் மறுபடியும் ஒருவர் உட்கார, ஒருவர் நின்றால், நெடுஞ்சாலையின் சமத்துவத்தால் என்ன பயன்? முகம் தெரிந்த இடத்திலும் சமமாக உட்காருவதுதான் சமத்துவம்.

ஆகவே, தோழர்களே, கைதட்டிவிட்டுக் கலைந்துவிடாதீர்கள். வேலை இருக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் உங்கள் கிளையின் தோழர்கள் பத்துப் பேர், ஊரும் சேரியும் கலந்து, ஒன்றாகச் சென்று அந்தத் தேநீர்க் கடையில் உட்காருங்கள். ஒரே வகைக் குவளையில் தேநீர் கேளுங்கள். கடைக்காரர் நம் உறவினராயிருந்தால் முதலில் அன்பாகச் சொல்லுங்கள். இணங்காவிட்டால் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆவது பிரிவை எடுத்துக் காட்டுங்கள். அதற்கும் இணங்காவிட்டால் காவல் நிலையத்தில் புகார் எழுதுங்கள், அந்தப் புகாரில் ஊர்க்காரன் முதல் கையெழுத்துப் போடட்டும்! பாதிக்கப்பட்டவனே முதலில் நிற்கவேண்டும் என்று விட்டுவிட்டால், நாளை அடியும் அவனுக்கே முதலில் விழும். உங்கள் ஊர்ப் பள்ளியின் அடுப்படியில் தாழ்த்தப்பட்ட அம்மையார் சமைத்தால், உங்கள் பிள்ளையை முதல் வரிசையில் உட்கார வையுங்கள். உங்கள் வீட்டுத் திருமணத்துக்கு அந்தக் கையைச் சமைக்க அழையுங்கள்.

பலகையை இறக்க ஆயிரம் பேர் சிறை சென்றார்கள். குவளையை மாற்றுவதற்குச் சிறைகூடத் தேவையில்லை. மாமன் மைத்துனன் முகம் சுளிப்பதைத் தாங்கும் மனம் வேண்டும். சிறையைவிட அது கடினமானது என்பதை அறிவேன். கடினமான வேலையைத்தான் தோழர்களிடம் கொடுக்க முடியும். அந்த வேலையை உங்களிடம் ஒப்படைத்து விடைபெறுகிறேன்.